கேட்டுக்காரர் லீவில் போயிருக்கிறார்

எங்கள் தெருவில் முதல் டிவி அக்கா வீட்டுக்குத்தான் வந்தது. அது வந்தபோது, அக்காவின் கணவரோடு நைனா பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நாங்கள் திருத்தணியில் தறி ஓட்டுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேச்சு. அப்பாவை நைனா என்போம், அக்காவின் கணவரைப் பாவா என்போம். பாவா அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவர்கள் வீடு. காலையில் ரயில் பிடித்துப் போவார், சாயங்காலம் அதே ரயில் பாதையில் திரும்பி வருவார். போகும்போதும் வரும்போதும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த நேரம் நைனா வாசலில் நின்றால் தறிக் கொட்டகைக்குள் போய்விடுவார்.

சண்டைக்குக் காரணம் ஒரு மொட்டை. அக்காவின் மூத்த பையனுக்கு முதல் முடி எடுக்க வேண்டிய சமயம். எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரியும். நைனா தினமும் தறியைப் போடுவதற்கு முன்னால் அந்தத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பேரனின் முதல் முடி அந்த மலையில்தான் இறங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால் அதைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை. பாவாவின் ஊர் புத்தூர்ப் பக்கம். அவருடைய அம்மா திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறிப் போய் முடியிறக்கிவிட்டு வந்துவிட்டார்கள். சாயங்காலம் அக்கா லட்டோடு வந்து நின்றபோதுதான் நைனாவுக்கு விஷயமே தெரிந்தது.

"தலைக்கு மேல நிக்கிற சாமிய உட்டுட்டு பஸ் ஏறிப் போயிருக்காங்க," என்றார் அம்மாவிடம். லட்டைத் தொடவில்லை. அதோடு பேச்சு நின்றது. நானும் அம்மாவும் எப்போதும்போலப் போய் வந்துகொண்டிருந்தோம். அக்காவும் வருவாள். நைனா மட்டும் அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. பாவாவும் வலியப் போய்ப் பேசுகிறவர் இல்லை.

டிவி வந்தது எண்பதுகளின் நடுவில். கதவு போட்ட மரப்பெட்டிக்குள் கறுப்பு வெள்ளை டிவி. மொட்டை மாடியில் உயரமான குழாயின் உச்சியில் ஆன்டெனா. மெட்ராஸ் பக்கம் பார்த்தபடி அதைத் திருப்பிவைத்துக் கட்டியிருந்தார் பாவா. மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகளுக்கு அந்தக் குழாய் நன்றாகப் பிடித்துப்போயிற்று. ஒரு குரங்கு ஏறி உட்கார்ந்தால் போதும், திரையில் இருக்கிறவர்கள் எல்லாம் புள்ளியாகிவிடுவார்கள். பாவா கம்போடு மாடிக்கு ஓடுவார். மேலேயிருந்து, "வந்துச்சா?" என்பார். "இல்ல பாவா, இன்னும் கொஞ்சம் சென்ட்ரல் பக்கம் திருப்புங்க," என்று நான் கீழேயிருந்து கத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆங்கிலத் தொடர் வரும். பழைய தொடர். வெளிநாட்டில் எப்போதோ காட்டி முடித்தது, இங்கே அப்போதுதான் வந்தது. வானத்தில், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு நிலாவில் ஒரு நிலையம். பல உலகங்களுக்குப் போகிற கப்பல்கள் அங்கே வந்து நின்று பாதை மாறிப் போகும். யாராவது ஒரு சிக்கலோடு இறங்குவார்கள். நிலையத்தின் தலைவியும் அவளுடைய ஆட்களும் அதைத் தீர்த்து அனுப்புவார்கள். முதல் நாள் பார்த்ததுமே பாவா, "அரக்கோணம் ஜங்ஷன்தான் இது, மேல கட்டி வெச்சிருக்கானுங்க," என்றார். அன்றிலிருந்து அந்தத் தொடருக்கு எங்கள் தெருவில் ஜங்ஷன் என்றே பெயர்.

தெருவில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆங்கிலம் யாருக்கும் புரியாது. நான் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணி, பஜாரில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனவே எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கும் அந்த உச்சரிப்பில் பத்தில் ஒரு வார்த்தைதான் பிடிபடும். "கப்பல் ரிப்பேர்," என்பேன். "கோவமா இருக்காரு," என்பேன். அது அவர்களுக்கே தெரிந்துதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். சாவியைக் கேட்டு நைனா வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா எழுந்து சாவியைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டவர் போகவில்லை. அந்த நேரம் திரையில் ஒரு கிழவர் வந்திருந்தார். நிலையத்தின் பெரிய கதவைத் திறந்துவிடுகிற ஆள். ஒவ்வொரு கப்பலும் வந்ததும் இறங்குகிறவர்களை மேலும் கீழும் பார்ப்பார், ஒரு வார்த்தை கேட்பார், தலையாட்டுவார், கதவைத் திறப்பார். அவருக்குப் பேச்சே கிடையாது என்று சொல்லலாம். எல்லாம் கண்ணும் கையும்தான். நைனா வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு தொடர் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த வாரமும் வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் நான் போனபோது நிலைப்படிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி விரித்துப் போட்டிருந்தது. போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. பாவா டிவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நைனா வந்தார், நாற்காலியைப் பார்த்தார், அதற்குப் பக்கத்திலேயே நின்றார். நாற்காலி வாராவாரம் காலியாகவே கிடந்தது. அவர் நிற்கும்போது அதில் வேறு யாரும் உட்காரவும் துணியவில்லை.

புத்தகம் வந்தது அந்தச் சமயத்தில்தான். பாவா வேலையாக மெட்ராஸ் போனவர், சென்ட்ரல் பக்கத்தில் பழைய புத்தகக் கடையில் அட்டையில் அந்த நிலையத்தின் படத்தைப் பார்த்திருக்கிறார். வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"நம்ம ஜங்ஷனப் பத்தித்தான். நீ படிச்சு இன்னான்னு சொல்லு."

அப்படி ஒரு புத்தகம் இருக்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. கதைப் புத்தகம் இல்லை. தொடரை எடுத்தவர்கள் எழுதியதும் இல்லை. எங்கோ ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர், தொடரின் மேல் இருந்த ஆசையில், தன்னைப் போன்ற ரசிகர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த துணைப் புத்தகம். ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு, கதைச்சுருக்கம், நடித்தவர்கள், அந்தப் பகுதியில் நடந்த தவறுகள், கடைசியில் தன் அபிப்பிராயம், அதற்குக் கீழே நட்சத்திரங்கள். பின்பக்கத்தில் நிலையத்தின் வரைபடம். தொடருக்காக உண்டாக்கிய சொற்களுக்கு ஓர் அகராதி. கப்பல் எந்த உலகத்திலிருந்து வருகிறது, அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்பதுவரை போட்டிருந்தார். தவறுகளைச் சொல்லும் இடத்தில் மனிதருக்கு ஆவேசம் வந்துவிடும். தலைவியின் கையுறை ஒரு காட்சியில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை. இதைப் பலமுறை பார்த்துவிட்டேன், இன்னும் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இன்ஸ்டிடியூட்டில் மதியம் யாரும் வராத நேரத்தில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படிப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் பாவா ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் மறுநாள் வரப்போகிற பகுதியின் கதையைச் சொல்வேன். அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும் என்பார். அதே ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடர் ஆரம்பிப்பதற்கு முன்னால், "எல்லாருக்கும் கதையச் சொல்லிடு," என்றார். நான் ஆரம்பித்தேன். வாசலிலிருந்து நைனாவின் குரல் வந்தது.

"ஏம்மா, எல்லாத்தையும் இப்பவே சொல்லிட்டா அப்புறம் இன்னாத்துக்குப் பாக்கணும்? எழுந்து போய்த் தறிய ஓட்டலாமே."

என்னிடம்தான் சொன்னார். ஆனால் யாருக்குச் சொன்னார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாவாவும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "கத தெரிஞ்சா முகத்தப் பாத்து ரசிக்கலாம்னு சொல்லும்மா. தெரியலன்னா முழிச்சுகினு உக்காந்திருக்கணும்."

"முழிச்சுகினு உக்கார்றதுக்குத்தாம்மா வர்றோம்."

தெருக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலைக்கு மேலாகப் பேச்சு போய் வந்தது என்றாலும், அது பேச்சுதான்.

கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. பாவாவுக்குச் சனிக்கிழமையே சொல்லிவிடுவேன். மற்றவர்களுக்குத் தொடர் முடிந்த பிறகு. நைனாவுக்கு வீட்டில் சாப்பாட்டின்போது. அப்புறம் குரங்காலும் கரண்ட் கட்டாலும் பார்க்க முடியாமல் போனவர்கள் குழாயடியில் என்னைப் பிடித்துக் கதை கேட்க ஆரம்பித்தார்கள். வாய் வலித்துப்போய், பயிற்சிக்கு அடித்து வீணான தாள்களின் பின்பக்கத்தில் தமிழ் மெஷினில் கதைச்சுருக்கம் அடித்து வைத்தேன். அது மெல்ல மெல்ல எங்களுடைய துணைப் புத்தகம் ஆகிவிட்டது. பாவா நிலையத்தின் வரைபடத்தை ரயில்வே யார்டு வரைகிற மாதிரி, லைன் எண்ணெல்லாம் போட்டு வரைந்துகொடுத்தார். நட்சத்திரம் போடுகிற வேலை எப்படியோ நைனாவிடம் போயிற்று. அவர் நட்சத்திரம் சொல்லமாட்டார். "பரவால்ல," என்பார். "பாக்கலாம்," என்பார். பிடிக்காவிட்டால், "அந்த நேரத்துல ரெண்டு லுங்கி நெய்ஞ்சிருக்கலாம்," என்பார். நான் அப்படியே அடித்துவிடுவேன். வெளிநாட்டுக்காரர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒரு பகுதிக்கு எங்கள் புத்தகத்தில் இரண்டு லுங்கி என்று இருந்தது.

ஆனால் கேட்டுக்காரர் வருகிற பகுதி எதற்கும் நைனா லுங்கி சொன்னதில்லை. அந்தக் கிழவரைத்தான் கேட்டுக்காரர் என்போம். கதை எங்கே போனாலும் நைனாவுக்கு அவர் வந்தால் போதும். ஒருமுறை அம்மாவிடம், "அந்த ஆளு பேசறது ஒண்ணுதான் எனக்கு முழுசாப் புரியுது," என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிறு. தெரு முழுக்கக் காவடிக் கூட்டம். தண்ணீர் கேட்டு அக்கா வீட்டுக்குள் வந்த சித்தூர்க்காரர்கள் சிலர் காவடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். தலைவி வாயைத் திறக்கும்போதெல்லாம் தெருவில் அரோகரா எழும். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர், "இது எந்த ஸ்டேஷன்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் நிலா என்றேன். "ஆங்," என்று சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தார். அன்றைக்குக் கப்பல் வந்து நின்றபோது கதவைத் திறந்தது ஓர் இளைஞன். கேட்டுக்காரரைக் காணோம். முடியும்வரை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

"எங்க அந்த ஆளு?" என்று சாப்பாட்டின்போது நைனா கேட்டார். "புத்தகத்துல பாத்து சொல்லு."

பார்த்தேன். கேட்டுக்காரர் கடைசியாக வந்த பகுதிக்குக் கீழே, தவறுகளுக்குப் பிறகு, சின்ன எழுத்தில், நான் முன்பு படிக்காமல் தாண்டிவிட்ட ஒரு குறிப்பு இருந்தது. இதற்குப் பிறகு இவர் தோன்றவில்லை, படம் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே நடிகர் காலமாகிவிட்டார், தொடரில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை. கையுறை காணாமல் போனதற்கு அரைப் பக்கம் எழுதியவர், இதற்கு மூன்று வரியோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

நைனாவிடம், இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை என்று சொல்லிவைத்தேன். அந்தச் சனிக்கிழமை பாவாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"உங்க நைனாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல பாவா."

"சொல்லாத," என்றார்.

மறுநாள் தொடர் ஆரம்பித்தது. கதவை அந்த இளைஞன்தான் திறந்தான். வாசலில் நின்ற நைனா என்னைப் பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கும் அந்த ஆளக் காணோம்?" என்றார். அப்போது பாவா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"லீவுல போயிருக்காரு மாமா. ஊர்ல அவரு பொண்ணுக்குக் கல்யாணம். புத்தகத்துல போட்டிருக்குது."

சமையற்கட்டில் அம்மியில் தேங்காய் அரைபடும் சத்தம் நின்றது. அம்மா என் தொடையைக் கிள்ளினார். நைனாவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த ஊராம்?" என்றார்.

"ரொம்ப தூரம் மாமா. போய்ச் சேரவே மாசக்கணக்கா ஆவும்."

"அப்ப வரதுக்கும் அவ்ளோ ஆவுமே."

"ஆவும்."

"கேட்டுல ஒரு சின்னப் பையனப் போட்டிருக்காங்க. நிக்கவே தெரியல."

"புதுசு மாமா. போகப் போகக் கத்துக்குவான்."

"ஆங்," என்றார் நைனா. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கதையில் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அக்கா கையில் அரைத்த தேங்காயோடு வந்து நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அதையே ஊற்றிச் சாப்பிட்டோம், நைனாவும் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டார்.

"உன் பேப்பர்லயும் அப்படியே அடிச்சுடு," என்று பாவா பிறகு என்னிடம் சொன்னார். அடித்தேன். கேட்டுக்காரர் மகளின் திருமணத்துக்காக விடுப்பில் சென்றிருக்கிறார் என்று எங்கள் துணைப் புத்தகத்தில் ஏறிவிட்டது. தெருவில் அதைப் படித்தவர்கள் நம்பினார்கள். குழாயடியில் ஒருத்தி, "இன்னும் கல்யாணம் முடியலியாக்கா?" என்று கேட்பாள்.

மொட்டையைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகும் பேசவில்லை. பேசாமலே அது பழசாகிவிட்டது. பாவா காலையில் போகும்போது எங்கள் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். தறி மோட்டார் நின்றுபோனால் நைனா பாவாவுக்குத்தான் ஆளனுப்புவார்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா சலித்துக்கொண்டார். "அந்தக் கிழவன் எப்பதான் வருவானோ?"

"வரமாட்டான்," என்றார் நைனா. "அந்த வயசுல ஒரு ஆளு திடீர்னு வரலன்னா எங்க போயிருப்பான்? போய்ச் சேந்திருப்பான்."

அம்மா, "மாப்ள லீவுன்னாரே?" என்றார்.

"ஆங். அவரா வாயத் தொறந்து சொன்னாரு. கேட்டுக்கினேன். ரசம் ஊத்து."

அதைப் பாவாவிடம் நான் சொல்லவில்லை. நைனாவும் அவரிடம் காட்டிக்கொள்ளவே இல்லை. எப்போதாவது, "இன்னா மாப்ள, உங்க ஆளு கிளம்பிட்டாரா?" என்பார். "இன்னும் டிக்கெட் கிடைக்கல மாமா," என்பார் பாவா. இரண்டு பேருக்கும் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

தொடர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அந்த நேரத்துக்கு வேறு ஏதோ வந்தது. புத்தகத்தின்படி இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி இருந்தது. பாவா டிவிப் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு, "மீதிய நீ சொல்லு," என்றார். அப்படித்தான் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் இல்லாமல் ஜங்ஷன் நடந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுவேன். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான். முன்கூட்டியே கதை தெரிய வேண்டும் என்கிற பாவாவும், தெரியக் கூடாது என்கிற நைனாவும் இப்போது ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டியிருந்தது. அதனால் சண்டைக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. புரட்டிப் புரட்டிப் புத்தகத்தின் முதுகு விட்டுப்போனபோது நைனா தறி நூலை நாலாக முறுக்கித் தைத்துக்கொடுத்தார்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி வேலூருக்குப் போனேன். பாவாவுக்கு ரேணிகுண்டாவுக்கு மாற்றல் வந்தது. வீடு மாற்றியதில் நான் டைப் அடித்த தாள்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. வெளிநாட்டுக்காரரின் புத்தகம் பாவாவிடம் இருந்தது. நைனா போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷம் ஆகிறது.

சில வருஷங்களுக்கு முன் அக்காவும் பாவாவும் என் வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். என் மகள் அந்தத் தொடர் முழுவதும் இப்போது பார்க்கக் கிடைக்கிறது என்று சொல்லிப் பெரிய டிவியில் போட்டுக்கொடுத்தாள். இங்கே காட்டாமல் விட்ட, நான் வாயால் மட்டும் சொன்ன பகுதிகளில் ஒன்றைப் பாவா கேட்டார். ஒரு கப்பலில் ஒரு தாய் மட்டும் இறங்கிப் போகிற கதை. அப்போது பார்க்க முடியாத கதையை வயசான காலத்தில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். அட்டைச் சுவர்கள் அட்டை என்று நன்றாகவே தெரிந்தன. அவள் இறங்கினாள், போனாள். முடிந்துவிட்டது.

பாவா என் பக்கம் திரும்பினார். "மழை எங்க?"

"என்ன மழை பாவா?"

"அவ எறங்கும்போது மழை பெய்யும். கொடை இல்லாம நிப்பா. கேட்டுல இருக்கிற பையன் தன் சட்டையக் கழட்டிக் குடுப்பான். நீதான சொன்ன?"

புத்தகத்தில் அப்படி இருந்திருக்காது. நான் சொன்ன அன்று திருத்தணியில் மழை பெய்திருக்கலாம். அல்லது மூன்று வரிச் சுருக்கத்தைப் பெரிதாக்க எனக்கு வேறு ஒன்றும் தோன்றாமல் இருந்திருக்கலாம். எனக்கு நிஜமாகவே நினைவில்லை.

"எனக்கும் மழை ஞாபகம் இருக்குது," என்றாள் அக்கா. "நைனா கூட, சட்டையக் குடுத்துட்டு அவன் இன்னா பண்ணுவான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன அதுக்கு?" என்று பாவா என்னைக் கேட்டார்.

தெரியவில்லை என்றேன். அவர் அடுத்ததைப் போடச் சொன்னார். போட்டேன். சாப்பாட்டு நேரம்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.